கய்யிமின் குறிப்பேடு

அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் அலுவலருக்குத் தமிழ்நாட்டு அருங்காட்சியகத் துறை வழங்கும் பெயர் ‘காப்பாட்சியர்’ என்பது. காத்தலும் ஆளுதலும் இணைந்த சொல். ஆங்கிலத்தில் கியூரேட்டர் என்பர். இன்றைய அரபியில் இவருக்கு இரண்டு பெயர்கள் உள்ளன. ‘அமீனுல் மத்ஹஃப்’ என்பது ஒன்று; அமானிதத்தைப் பொறுப்பேற்றவர் எனும் பொருள் அதில் வெளிப்படை. மற்றொன்று ‘கய்யிம்’. கண்காட்சியைத் திட்டமிட்டு அமைப்பவரை இச்சொல்லாலேயே பெரிதும் குறிக்கிறார்கள். இது புதிதாகப் புனையப்பட்ட சொல் அன்று. வக்ஃபுச் சொத்தை நிர்வகிப்பவரையும் மத்ரஸாவின் மேற்பார்வையாளரையும் நம் ஃபிக்ஹு நூல்கள் நெடுங்காலமாகக் கய்யிம் என்றே அழைத்து வந்துள்ளன. டமாஸ்கஸின் ஜவ்ஸிய்யா மத்ரஸாவுக்குக் கய்யிமாக இருந்தவரின் மகன் என்பதால்தான் பேரறிஞர் ஷம்சுத்தீன் முஹம்மத் (ரஹ்) அவர்களுக்கு இப்னு கய்யிமில் ஜவ்ஸிய்யா எனும் பெயர் நிலைத்தது. தந்தை விளக்குக்கு எண்ணெயும் தரைக்குப் பாயும் கணக்குப் பார்த்திருப்பார். மகன் உலகறிந்த அறிஞரானார். தந்தையின் பொறுப்பு மகனின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்லிலிருந்து தொடங்குவது அரபி ஆசிரியர்களின் பழக்கம். ஆயினும் நாம் இங்கு எடுத்துக்கொண்ட நூலும் அவ்வாறான சொல்லாராய்ச்சியைத் தன்னுள் கொண்டதே. சுவிட்சர்லாந்தில் 1968இல் பிறந்து, 2006 முதல் லண்டனின் சர்ப்பென்டைன் கலைக்கூடத்தில் பொறுப்பு வகிக்கும் ஹான்ஸ் உல்ரிச் ஓப்ரிஸ்ட் என்பவர் 2014இல் ‘வேஸ் ஆஃப் கியூரேட்டிங்’ எனும் நூலை வெளியிட்டார். கியூரேட்டர் எனும் சொல்லின் வேர் ‘பேணுதல்’ எனும் பொருள்தரும் லத்தீன் வினை என்பதையும், பண்டை ரோமில் நீர்வழிகளையும் குளியல் மண்டபங்களையும் கழிவுநீர்க் கால்வாய்களையும் கண்காணித்த அதிகாரிகள் அப்பெயரால் அழைக்கப்பட்டனர் என்பதையும், இடைக்காலத்தில் ஆன்மாக்களைப் பேணும் பாதிரியாருக்கும் அச்சொல்லோடு உறவு இருந்தது என்பதையும் அவர் அதில் எடுத்துரைக்கிறார். நீர்வழியிலிருந்து ஆன்மா வரை நீண்ட பொறுப்பு, இன்று ஓவியங்களைச் சுவரில் வரிசைப்படுத்துபவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்நூலை மாணவர் ஒருவர் கொண்டுவந்து தந்தபோது, இது நமக்கு எதற்கு என்றே தோன்றியது. சமகாலக் கலை எனப்படுவதில் பெரும்பகுதி நமக்குப் புரிவதில்லை. புரிந்தவற்றில் ஒரு பகுதி நமக்கு உவப்பானதும் இல்லை. உருவம் தீட்டுதல் பற்றிய ஃபிக்ஹு விவாதத்தை இங்கே நாம் எடுக்கப் போவதில்லை. அது தனியே எழுதப்பட வேண்டியது. நூலை வாசிக்கத் தூண்டியது வேறொன்று. காப்பவர் ஒருவர் தாம் காத்ததைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்பு எவ்வகையான சாட்சியம்? அதை எந்த அளவுகோலால் ஏற்பது, எதனால் மறுப்பது? அறிவிப்பாளர்களை ஆராய்வதையே ஒரு தனிக் கலையாக வளர்த்த சமூகத்திற்கு இக்கேள்வியில் சொல்வதற்கு ஏதேனும் இருக்கக்கூடும் என்று கருதினோம்.

நாள் கிழமை இட்டு எழுதப்பட்ட நாட்குறிப்பு அன்று இது. ஆனால் நாட்குறிப்பின் மூச்சு இதில் உண்டு. சிறு சிறு இயல்கள். ஒரு சந்திப்பு, ஒரு பயணம், ஒரு நூலைப் படித்த நினைவு, திடீரென ஓர் எண்ணம், அடுத்த இரயில். மாணவப் பருவத்தில் தங்கும் விடுதிக்குப் பணமின்றி, இரவு இரயிலில் உறங்கியபடியே ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று, பகலில் ஓவியர்களின் கூடங்களைத் தட்டியவர் அவர். கல்வி தேடி ஊர் ஊராகச் செல்வதை ‘ரிஹ்லா’ என்று போற்றும் மரபில் வந்த நமக்கு அப்பக்கங்கள் அந்நியமாகத் தோன்றவில்லை. சிறு வயதில் செயின்ட் காலன் மடாலயத்தின் பழம்பெரும் நூலகத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டதையும், தரை தேயாதிருக்கக் காலில் கம்பளிச் செருப்பு அணிந்து அங்கு நடந்ததையும் அவர் நினைவுகூர்கிறார். நூலுக்குள் நுழையும் முன்பே காலடியை மெதுவாக்கிக்கொள்ளக் கற்ற சிறுவன் பின்னாளில் பேணுவோன் ஆனதில் வியப்பில்லை.

நூலில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி சமையலறைக் கண்காட்சி. 1991இல், அதே செயின்ட் காலன் நகரில், தமது வீட்டுச் சமையலறையில் அவர் ஒரு கண்காட்சியை அமைத்தார். அவர் அங்கே ஒரு நாளும் சமைத்ததில்லையாம். புத்தகங்கள்தாம் குவிந்து கிடந்தனவாம். பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி, பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் மெழுகுவர்த்திச் சுடர் ஒன்றின் ஒளிப்படத்தை ஓடவிட்டார். கதவு இடுக்கில் தெரியும் சிறு ஒளி, அவ்வளவே. மூன்று மாதங்களில் வந்து பார்த்தவர்கள் 29 பேர். அந்த எண்ணிக்கையை ஒளிக்காமல் எழுதியிருப்பது இந்நூலாசிரியர்பால் நமக்கு மதிப்பை உண்டாக்குகிறது. பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் காணும் கண்காட்சிகளை அமைத்தவர் அந்த 29ஐ மறக்கவில்லை.

இனி, நாட்குறிப்பு எனும் வடிவத்துக்கு வருவோம். நாட்குறிப்பு எழுதுதல் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் கொடை என்றே நம் கல்லூரிப் பாடநூல்கள் சொல்லிக்கொடுத்தன. அதைத் திருத்தியவர் ஜார்ஜ் மக்திஸி. பாக்தாதின் ஹன்பலி அறிஞர் அபூ அலீ இப்னுல் பன்னா (ரஹ்) (இறப்பு ஹி. 471) தம் கைப்படவே எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி டமாஸ்கஸின் ழாஹிரிய்யா நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது. ஹி. 460 ஷவ்வால் முதல் 461 துல்கஃதா வரை, அதாவது 1068 ஆகஸ்டு முதல் 1069 செப்டம்பர் வரையிலான குறிப்புகள் அவை. மக்திஸி அதைப் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1956–57 ஆண்டுகளில் லண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். யாருக்காகவும் எழுதப்பட்டதன்று அது. இன்னார் இறந்தார், ஜனாஸாவில் இத்தகையோர் கலந்துகொண்டனர், இன்னார் இப்படியொரு கனவு கண்டதாக வந்து சொன்னார், அறிஞர்களுக்கிடையே இன்ன பூசல், நகரில் இன்ன குழப்பம் என்று வறண்ட வாக்கியங்களில் செல்கிறது. தம் தரப்பினரின் உட்பூசலைக்கூட அவர் மறைக்கவில்லை. இளம் அறிஞர் இப்னு அகீல் முஃதஸிலாக்களிடம் பாடம் கேட்டார் என்பதால் ஹன்பலிகளுக்குள் எழுந்த சர்ச்சையின் முதல் அதிர்வுகளை அக்குறிப்பேட்டில் காணலாம்.

இப்னுல் பன்னாவைப் பற்றி ஒரு சுவையான செய்தி வரலாற்று நூல்களில் உள்ளது. அல்கத்தீபுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் ‘தாரீகு பக்தாத்’, 7,000க்கும் மேற்பட்டோரின் வரலாறுகளைக் கொண்ட பெருநூல். அதில் தம்மை நம்பகமானவர்களோடு சேர்த்திருக்கிறாரா, பொய்யர்களோடு சேர்த்திருக்கிறாரா என்று இப்னுல் பன்னா விசாரித்தாராம். உங்களை அவர் குறிப்பிடவே இல்லை என்று பதில் வந்தது. பொய்யர்களின் வரிசையிலாவது சேர்த்திருக்கலாமே என்று அவர் அங்கலாய்த்தாராம். இடம்பெறாமல் போவதைவிட இகழப்படுவது மேல் என்று ஒரு பெரிய ஆலிமையே ஏங்கவைக்கும் ஆற்றல், பட்டியலை எழுதுபவர் கையில் இருந்திருக்கிறது. இன்றைய கலை உலகில் அந்தப் பட்டியல் கய்யிமின் கையில் இருக்கிறது.

ஓப்ரிஸ்டின் நூலை நோக்கி நமது முதல் குறை இங்கிருந்தே எழுகிறது. அல்கத்தீப் தம் பட்டியலில் புகழவும் செய்தார், குறை கூறவும் செய்தார். ஜர்ஹு, தஃதீல் என்னும் இரண்டும் சேர்ந்ததுதான் அக்கலை. ஒருவரை நம்பகமானவர் என்பதற்கு மதிப்பு உண்டாவதே, இன்னொருவரை நம்பத்தகாதவர் என்று சொல்லும் துணிவு அதே நாவுக்கு இருக்கும்போதுதான். ஓப்ரிஸ்டின் நூலிலோ தஃதீல் மட்டுமே உள்ளது. சந்தித்தவர் எல்லாரும் மேதைகள். ஒவ்வொரு உரையாடலும் வாழ்வின் திருப்பம். இவர் என்னை ஏமாற்றினார், அந்தக் கண்காட்சி தோற்றது, இன்னாரைத் தவிர்த்தது என் பிழை என்பன போன்ற ஒரு வரியையேனும் நாம் தேடினோம். நம் கண்ணில் படவில்லை. நாகரிகம் காரணமாகச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்நாகரிகத்தால் நூலின் சாட்சியம் மெலிந்துவிடுகிறது. எல்லாரையும் புகழும் அறிவிப்பாளரின் புகழுரையை முஹத்திஸ்கள் எடைக்கு எடுத்துக்கொண்டதில்லை.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. இளமையில் தம்மைச் செதுக்கியவர் என்று ஓப்ரிஸ்ட் நன்றியுடன் நினைவுகூர்பவர்களில் ஒருவர் இத்தாலியக் கலைஞர் அலிகியரோ போயெட்டி (1940–1994). 1986இல் ரோம் நகரில் அவரைச் சந்தித்தபோது ஓப்ரிஸ்ட் பதின்பருவத்தைத் தாண்டாதவர். நிறைவேறாத திட்டங்கள் என்னென்ன என்று கலைஞர்களிடம் கேள் என்று போயெட்டி அந்த இளைஞருக்கு அறிவுரை கூறினார். வானூர்திகளில் தம் ஓவியங்கள் பறக்க வேண்டும் என்பது போயெட்டியின் நிறைவேறாக் கனவுகளில் ஒன்று. 1993இல் ஆஸ்திரிய விமான நிறுவனத்தின் வழியே அது நிறைவேற ஓப்ரிஸ்ட் துணைநின்றார். அழகிய வரலாறு.

ஆனால் போயெட்டியின் பெயரை உலகறியச் செய்தவை வானூர்தி ஓவியங்கள் அல்ல, பூத்தையல் உலக வரைபடங்கள். ஒவ்வொரு நாடும் அதன் கொடியின் நிறங்களால் நிரப்பப்பட்ட பெரும் துணி வரைபடங்கள். எண்ணிக்கையில் ஏறத்தாழ 150. அவற்றில் ஒரு தையலைக்கூட போயெட்டி தைக்கவில்லை. 1971இல் அவர் முதன்முறை காபூல் சென்றார். அங்கே ஆப்கானிய நண்பர் ஒருவருடன் ‘ஒன் ஹோட்டல்’ எனும் சிறு விடுதியையும் நடத்தினார். கோடிட்ட துணிகள் ஆப்கானியப் பெண்களின் வீடுகளுக்குச் சென்றன. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அவர்கள் தைத்தார்கள். 1979இன் சோவியத் படையெடுப்புக்குப் பின் அந்தக் கைகள் அகதிகளாகப் பெஷாவருக்குப் பெயர்ந்தன. தையலும் பின்னர் அங்கே தொடர்ந்தது. ஒரு முறை கடல் முழுவதும் இளஞ்சிவப்பில் தைக்கப்பட்டு வந்தது. கடலற்ற நாட்டினர் அவர்கள். கையில் அந்த நிற நூல் நிறைய இருந்திருக்கிறது. போயெட்டி அதைக் கண்டு மகிழ்ந்தார். அதன் பின் கடலின் நிறத்தை அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். வரைபடங்கள் பலவற்றின் ஓரங்களில் பாரசீக எழுத்துகளும் தைக்கப்பட்டுள்ளன.

கடலுக்கு நிறம் கொடுத்த அந்தப் பெண் யார்? நூலை மூடிவைத்தபோது நம்மிடம் போயெட்டியின் பேச்சு வேகம் தங்கியது, அவரது கனவுகள் தங்கின. அப்பெண்களில் ஒருவரின் பெயரும் தங்கவில்லை. உலக அருங்காட்சியகங்களின் பெயர்ச்சீட்டுகளும் போயெட்டி எனும் ஒரு பெயரோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. இது ஓப்ரிஸ்ட் ஒருவரின் குறை அன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், தொடரில் ஓர் அறிவிப்பாளர் ‘மஜ்ஹூல்’, அறியப்படாதவர். அத்தகைய தொடரை நம் முன்னோர் முழுமையானதாக ஏற்றதில்லை.

இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. அவர்கள் கோஷாப் பெண்கள். அந்நிய ஆடவர் அவர்களைச் சந்திக்க இயலாது. ஆண் தரகர்கள் வழியாகவே துணி சென்று வந்தது. போயெட்டியால் நேரில் காண இயலவில்லை என்பது உண்மைதான். அதனால்தான் 1990இல் ராண்டி மால்கின் ஸ்டைன்பர்கர் எனும் பெண் புகைப்படக் கலைஞர் பெஷாவர் சென்று அவர்களைப் படம்பிடித்தார். அப்படங்கள் 2011இல் நூலாக வெளிவந்தன. முகம் மறைப்பது வேறு, பெயர் மறைவது வேறு. இப்னுல் பன்னா பாக்தாதில் குறிப்பெழுதிய அதே காலத்தில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா (ரஹ்) எனும் அம்மையார் ஸஹீஹுல் புகாரியைப் போதித்துக்கொண்டிருந்தார். நாம் மேலே கண்ட அல்கத்தீபுல் பக்தாதி ஹஜ்ஜின்போது ஐந்து நாள்களில் அந்நூலை அவரிடம் ஓதி முடித்தார். கரீமாவின் முகம் எப்படியிருந்தது என்பது நமக்குத் தெரியாது. அவருடைய பெயரும், அவர் யாரிடம் கேட்டார், அவரிடம் யார் கேட்டார் என்பதும் ஆயிரம் ஆண்டுகளாக நம் நூல்களில் உள்ளன. திரை பெயரைத் தடுக்கவில்லை. கேட்டு எழுதியவர் இருந்தார், அதனால் பெயர் நின்றது.

ஓப்ரிஸ்டுக்கு நியாயம் செய்ய வேண்டும். ஈரானியக் கலைஞர் முனீர் ஃபர்மான்ஃபர்மாயனின் ஆக்கங்களைக் குறித்து ‘காஸ்மிக் ஜியாமெட்ரி’ எனும் நூல் 2011இல் வெளிவந்தபோது அதன் பதிப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். ஷீராஸின் ஷாஹ் சிராக் தர்காவில், ஆயிரமாயிரம் கண்ணாடிச் சில்லுகளில் மக்களின் அழுகையும் விளக்கொளியும் சிதறுவதைக் கண்டு தன் கலையைக் கண்டடைந்தவர் முனீர். அவர் தாமாகவே கண்ணாடி அறுத்துவிடவில்லை. ஹாஜி உஸ்தாத் முஹம்மத் நவீத் எனும் கைவினைஞரோடு சேர்ந்து பணியாற்றினார். அந்த உஸ்தாதின் பெயர் முனீரின் வரலாற்றில் பதிந்திருக்கிறது. இங்கே தொடர் அறுபடவில்லை. போயெட்டியின் வரைபடத்துக்கும் முனீரின் கண்ணாடிக்கும் இடையே கலையின் தரத்தில் ஏற்றத்தாழ்வு கூற நாம் தகுதியற்றோம். அறிவிப்பின் தரத்தில் இரண்டும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்வோம்.

பிறர் வீட்டுக் குறையை எண்ணும்போது நம் வீட்டுப் பாய் நினைவுக்கு வருகிறது. பத்தமடையின் மெல்லிய கோரைப் பாய்களை நெய்பவர்கள் பெரும்பாலும் நம் முஸ்லிம் பெண்களே. திருமணப் பாயில் மணமக்களின் பெயர்களை அவர்கள் நெய்து தருகிறார்கள். அப்பாயில் அமர்ந்து எழுந்த நம்மில் எத்தனை பேருக்கு அதை நெய்தவரின் பெயர் தெரியும்? காபூல் பெண்களுக்காக மேலே சீறிய நம் எழுதுகோல் இந்த இடத்தில் சற்றுத் தயங்கி நின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஷீராஸ் என்றதும் வேறொரு கய்யிம் நினைவுக்கு வருகிறார். அரபு எழுத்தணிக் கலையின் பேராசான்களுள் ஒருவரான இப்னுல் பவ்வாப், புவைஹி அரசர் பஹாவுத்தவ்லாவின் ஷீராஸ் நூலகத்தில் பொறுப்பாளராக இருந்தார். பவ்வாப் என்றால் வாயிற்காவலர். தந்தையின் தொழில் அது. மகனோ வீடுகளுக்கு வண்ணம் தீட்டுவதில் தொடங்கி எழுத்துக்கு வந்தவர். அவரே சொன்னதாக யாகூத் அல்ஹமவி தம் இலக்கியவாணர் வரலாற்று அகராதியில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். நூலகத்தில் ஒதுக்கிப் போடப்பட்டிருந்த ஏடுகளிடையே கறுப்பு அட்டையிட்ட ஒரு ஜுஸ்உ கிடைத்தது. பெரும் எழுத்தாசான் இப்னு முக்லாவின் கையெழுத்து அது. அவர் ஒவ்வொரு அடுக்காகத் தேடி 29 ஜுஸ்உகளைச் சேர்த்துவிட்டார்; ஒன்று மட்டும் அகப்படவில்லை. அதை நீரே எழுதி நிறைவு செய்யும் என்றார் அரசர். எது புதியது என்று தம்மால் கண்டுபிடிக்க இயலாவிட்டால் ஓர் அங்கியும் 100 தீனார்களும் பரிசு என்பது ஒப்பந்தம். இப்னுல் பவ்வாப் நூலகத்தில் ஒத்த பழந்தாளைத் தேடி எடுத்தார், எழுதினார், பொன் வேலையைப் பழமை தோன்றச் செய்தார், பழைய ஜுஸ்உ ஒன்றின் அட்டையைக் கழற்றித் தாம் எழுதியதற்கு இட்டு, அந்தப் பழையதற்குப் புது அட்டை செய்து அதையும் பழையதாக்கினார். ஓராண்டு கழித்து அரசர் 30 ஜுஸ்உகளையும் புரட்டிப் பார்த்துத் தோற்றார். இது நமக்குள் இருக்கட்டும் என்றார். வாக்களித்த பரிசு வந்தபாடில்லை. இறுதியில், நூலகத்தில் கிடந்த எழுதப்படாத சீனத் தாள்களை மட்டும் கேட்டுப் பெற்று, பல்லாண்டுகள் அவற்றில் எழுதி வந்தாராம்.

சமகாலக் கலை பற்றிப் பேசும்போது இந்தப் பழங்கதை எதற்கு? பேணுவோரின் தொழிலில் உள்ள எல்லா இக்கட்டும் இதில் இருக்கிறது. சிதறியதைச் சேர்த்த உழைப்பு போற்றத்தக்கது. இடைவெளியை நிரப்பியது அரசர் ஆணை. ஆனால் பார்ப்பவர் ஏமாறும்படி அட்டையை மாற்றியது? அது மோசடியே என்று கடுமையாகச் சொல்பவரை நாம் மறுக்க மாட்டோம். அரசரும் மூடிவைக்கவே விரும்பினார். அந்த மோசடி நமக்கு எப்படித் தெரியவந்தது என்பதுதான் முக்கியம். இப்னுல் பவ்வாப் தாமே வாய்திறந்து சொன்னதால் தெரியவந்தது. தம் திறமையைச் சொல்லும் பெருமிதமும் அதில் உண்டு, ஐயமில்லை. எனினும் எந்த அட்டையை எதற்கு மாற்றினார் என்பதுவரை அவர் சொல்லிவிட்டதால், பின்வருவோர் கையில் அவருக்கெதிரான சாட்சியும் கிடைத்துவிடுகிறது. ஓப்ரிஸ்டின் 29 பார்வையாளர்களைப் போற்றினோம். ஆனால் முப்பதாவது ஜுஸ்உ போன்ற ஒரு பக்கம் அவர் நூலில் இல்லை.

அதை எழுதக்கூடிய இடங்கள் இல்லாமலில்லை. ஒன்றை மட்டும் தொட்டுச் செல்வோம். அவர் பணியாற்றும் கலைக்கூடத்தின் இரண்டாம் கட்டடம், பழைய வெடிமருந்துக் கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து, பாக்தாதில் பிறந்த கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீதின் விரிவாக்கத்தோடு 2013இல் திறக்கப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் சாக்லர். வலிநிவாரணி மருந்து வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய குடும்பம் அது. அம்மருந்துக்கு அடிமையாகி அமெரிக்காவில் பெருந்திரளானோர் அழிந்த செய்தி பின்னர் உலகெங்கும் பேசப்பட்டது. 2021இல் அப்பெயர் கட்டடத்திலிருந்து நீங்கியது. 2014இன் நூலில் இதை எதிர்பார்ப்பது முறையன்று. ஆயினும், ஒரு கண்காட்சிக் கூடத்தின் பணம் எங்கிருந்து வருகிறது எனும் கேள்வியே இந்நூலில் கனமாக எழவில்லை. வக்ஃபு செய்பவரின் பொருள் ஆகுமான வழியில் வந்ததா என்று கேட்பது நம் ஃபிக்ஹின் தொடக்கப் பாடம். நம் முதவல்லிகள் அதை எப்போதும் கேட்கிறார்களா என்று வாசகர் கேட்டால் நம்மிடம் நல்ல பதில் இல்லை.

இனி நூலாசிரியரிடம் நாம் கடன்பட்ட பகுதி. கையெழுத்து அருகி வருவதைப் பற்றி உம்பர்ட்டோ எக்கோ எழுதியதைப் படித்தும், கவிஞரும் ஓவியருமான எத்தெல் அத்னான் கைப்பட எழுதுவதை அருகிருந்து கண்டும், தாம் சந்திக்கும் கலைஞர்களிடம் ஒரு சிறு தாளில் ஒரு வரி எழுதி வாங்கி வெளியிடுவதை ஓப்ரிஸ்ட் வழக்கமாக்கிக்கொண்டார். சிறு செயல்தான். ஆனால் அத்னானின் (1925–2021) வரலாற்றை அறிந்தால் அதன் கனம் புரியும். தந்தை டமாஸ்கஸைச் சேர்ந்த முஸ்லிம், உஸ்மானியப் படை அதிகாரி. தாய் ஸ்மிர்னா நகரின் கிரேக்கக் கிறித்தவர். பெய்ரூத்தில் வளர்ந்த மகளுக்கு வீட்டில் துருக்கியும் கிரேக்கமும். பள்ளியில் பிரெஞ்சு மட்டும். மகளுக்கு அரபி அற்றுப் போய்விடுமோ என்று அஞ்சிய தந்தை, இலக்கண நூல் ஒன்றைக் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதச் சொன்னார். பொருள் தெரியாமலேயே சிறுமி எழுதினாள். எழுத்துகளின் வடிவத்தில் இன்பம் கண்டாள். பல்லாண்டுகளுக்குப் பின், மடிப்புத்தாள் ஏடுகளில் அரபுக் கவிதைகளைத் தம் கையால் எழுதி வண்ணம் சேர்த்தபோது, அந்தச் சிறுமியின் பாடமே அவரிடம் கலையாக வெளிப்பட்டது. 2016இல் சர்ப்பென்டைன் கூடத்தில் அவரது கண்காட்சி நடைபெற்றது.

பொருள் தெரியாமல் அரபி எழுத்தை நேசித்து எழுதும் பிள்ளை! நம் மக்தப்களில் பலகையோடு அமர்ந்த எவருக்கும் அப்பிள்ளையைத் தெரியும். பொருளறியாத ஓதலையும் எழுதலையும் குறைத்துப் பேசுவது அரபி ஆசிரியர்களாகிய நம் வழக்கம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அத்னானின் ஏடுகளின் படங்களைப் பார்த்தபோது, கையின் நினைவு நாவின் அறிவுக்கு முந்தியும் நிலைக்கும் என்பதை ஏற்கவேண்டியிருந்தது. நாம் அறிந்த சில கல்லூரிகளில் எழுத்துப் பயிற்சி வாரம் ஒரு பாடவேளையாகச் சுருங்கிவிட்டது. அந்த ஒரு பாடவேளையும் தேர்வுக்காலத்தில் நஹ்வு ஆசிரியருக்குப் போய்விடும்.

ஓப்ரிஸ்ட் பதிவு செய்துள்ள உரையாடல்கள் 2,000 மணி நேரத்துக்கும் மேற்பட்டவை. மறதிக்கு எதிராக நிற்பது என்று வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் கூறியதை அவர் தம் பணிக்குரிய விளக்கமாக எடுத்துக்கொள்கிறார். முதியவர்களைத் தேடிச் செல்கிறார். அவர்கள் இருக்கும்போதே கேட்கிறார். ஏறக்குறைய ஒவ்வொருவரிடமும் போயெட்டி கற்றுத்தந்த அந்தக் கேள்வியை வைக்கிறார்: செய்ய எண்ணிச் செய்யாமல் போனது எது? நூலின் மற்றக் குறைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ள இந்தக் கேள்வி ஒன்று போதும் என்பது நமது கருத்து.

நமக்கு ஸர்ஃபு கற்பித்த உஸ்தாத் ஒருவர் இருந்தார். கிதாபுகளின் ஓரங்களில் அரபுத்தமிழில் நுணுக்கி நுணுக்கிக் குறிப்பெழுதுவார். ஓதும்போது அவற்றை எட்டிப் பார்த்திருக்கிறோமே தவிர, அவை என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் மவ்த்தான பின் வீடு கைமாறியது. கிதாபுகளில் நல்ல நிலையில் இருந்தவை ஒரு மத்ரஸாவுக்குச் சென்றன. சிதிலமானவை பழைய தாள் கடைக்கு எடைக்குப் போயின. எழுதி நிறைந்திருந்தவை எப்போதும் சிதிலமானவைதாமே. எஞ்சிய சில சீட்டுகளைக் கொண்டு, நம் முன்னோர் அரபுத்தமிழில் ஆண்ட சொற்களுக்கு அவர் ஓர் அகராதி தொகுத்து வந்திருக்கிறார் என்று ஊகித்தோம். எந்த எழுத்துவரை வந்திருந்தார் என்பது இனித் தெரியப் போவதில்லை. ஏழாண்டுகள் அவர் முன்னால் அமர்ந்திருந்த நாம், சுவிட்சர்லாந்தின் ஓர் இளைஞர் அறிமுகமற்ற ஓவியரிடம் கேட்ட கேள்வியைக் கேட்கவில்லை.

இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர்களிடம் ஆளுக்கொரு கோடிட்ட நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினோம். ஊரில் மூத்த இமாம், முஅத்தின், ஓதிக்கொடுக்கும் ஆலிமா, பாய் நெய்பவர், தொப்பி தைப்பவர் என்று யாரேனும் மூவரிடம் அமர்ந்து, பெயரையும் யாரிடம் கற்றார் என்பதையும் முதலில் எழுதிக்கொண்டு, இறுதியில் அந்தக் கேள்வியைக் கேட்டு வரவேண்டும். கைப்பட எழுத வேண்டும். முதலில் திரும்பிய மாணவரின் நோட்டில் இரண்டு பேரின் விடைகளே இருந்தன. மூன்றாமவர் அவ்வூர்ப் பள்ளியில் 40 ஆண்டுகளுக்கு மேலாக பாங்கு சொல்லி வருபவர். கேள்வியைக் கேட்டதும் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, நாளை அஸருக்குப் பின் வரச் சொன்னாராம். மாணவருக்கு அன்றிரவே பேருந்து. நாம் அவரை மறுபடியும் அனுப்பியிருக்கிறோம்.